வழியின் உரிமை: மிதிவண்டியும் நடைபாதையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்கும் அருவிக்கரைக்கும் இடைப்பட்ட ஐந்தாறு கிலோமீட்டர் சாலையின் இயல்பே மாறிவிடுகிறது. பேருந்துகளும் வேன்களும் கார்களும் ஒன்றையொன்று முந்துகின்றன. அந்த நெருக்கத்தில் மிதிவண்டியில் செல்லும் பள்ளி மாணவனும் கூலித் தொழிலாளியும் சாலையின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர். ஓரத்தில் நடைபாதை இருந்தால் அதன்மீது ஏறுகின்றனர். அங்கே நடந்து செல்லும் முதியவர் மணியோசை கேட்டுத் திடுக்கிட்டு ஒதுங்குகிறார். மிதிவண்டி செல்ல வேண்டிய இடம் சாலையா, நடைபாதையா என்னும் கேள்வி இங்கே பிறக்கிறது. இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் நம் முன்னோர் நூல்களைப் புரட்டினால், வழியின் உரிமையை அவர்கள் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர் என்பது புலப்படும்.

பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறும், அமர்ந்தே தீரவேண்டுமானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு அறிவுறுத்தினார்கள். பிறருக்குத் துன்பம் தராதிருத்தல் அவ்வுரிமைகளுள் ஒன்று. பாதையின் அகலம் குறித்துப் பிணக்கு எழுமானால் ஏழு முழம் விடவேண்டும் என்னும் தீர்ப்பும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பாதைக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் மார்க்கத்தின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது.

இந்த வித்திலிருந்து ஃபிக்ஹு நூல்கள் ஒரு சட்டத்தையே வளர்த்தெடுத்தன. ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படுகிறது. விலங்கின்மீது ஏறிச் செல்பவர் பற்றிய அதன் பகுதி நம் காலத்திற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. பொதுவழியில் செல்வது அனைவருக்கும் ஆகுமானது. ஆனால் பிறருக்குத் தீங்கு நேராமை அதற்கு நிபந்தனை. ஏனெனில், செல்பவர் ஒரு வகையில் தம் உரிமையையும் மறு வகையில் பிறர் உரிமையையும் பயன்படுத்துகிறார். ஆகவே விலங்கு எவரையேனும் மிதித்துவிட்டால் ஏறிச்சென்றவரே ஈடு செய்யவேண்டும். போகிற போக்கில் அது பின்காலால் உதைத்துவிட்டால் அவர்மீது பொறுப்பில்லை. அதைத் தடுப்பது அவரால் இயலாது. ஆனால் அதே விலங்கை வழியில் நிறுத்திவைத்திருக்கும்போது உதைத்தால் அதற்கும் அவரே பொறுப்பாளி. நிறுத்தாதிருக்க அவரால் முடியுமல்லவா? ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', பொதுவழியில் செல்வோருக்கு இடர் தரும் எதையும் செய்யலாகாது என்று விதிக்கிறது. மத்ஹபுகள் இரண்டாயினும் அடிப்படை ஒன்றே.

நடைபாதை என்பது மேலைநாட்டார் கொண்டுவந்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளருக்காக 'நிஹாயத்துர் ருத்பா' என்ற நூலை இயற்றினார். கடைத்தெருவுக்குத் தளம் பாவப்படாவிடில், மழைக்காலத்தில் மக்கள் நடப்பதற்கு அதன் இருபுறமும் மேடை அமைய வேண்டும் என்று அதில் அவர் கூறுகிறார். கடைக்காரர் தம் திண்ணையை வழிக்குள் நீட்டுவது நடப்போர்மீது செய்யும் அத்துமீறல் என்றும், விறகுச் சுமைகளும் வைக்கோல் பொதிகளும் கடைத்தெருவுக்குள் நுழைவதைத் தடுக்க வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். நடப்பவருக்கு ஓர் இடம், சுமைக்கு வேறோர் இடம் என்னும் பாகுபாடு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நூல்களில் இருந்திருக்கிறது.

இனி மிதிவண்டியின் வரலாற்றுக்கு வருவோம். 1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ், மிதியில்லாத இருசக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அக்காலச் சாலைகள் வண்டித் தடங்களால் குண்டும் குழியுமாய்க் கிடந்தன. ஓட்டியவர்கள் சமதளம் தேடி நடைபாதைக்கு ஏறினர். 1819இலேயே நியூயார்க் நகரம் அதனைத் தடைசெய்தது. இங்கிலாந்தின் 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கிற்று; 1888ஆம் ஆண்டுச் சட்டம் மிதிவண்டியும் வண்டியே என அறிவித்தது. ஜப்பானோ எதிர்த்திசையில் சென்றது. மோட்டார் வாகனங்களால் உயிரிழப்புப் பெருகியதால், குறிக்கப்பட்ட நடைபாதைகளில் மிதிவண்டியை 1970இல் அனுமதித்தது. இந்த நாடுகளின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது: மிதிவண்டிக்காரர் நடைபாதைக்கு ஏறுவது பெரும்பாலும் விருப்பத்தால் அன்று, சாலை அவரைக் கைவிட்டதால்தான்.

நம் பகுதியோடு நெருங்கிய தொடர்புடைய ஊர் சிங்கப்பூர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினர். 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தோற்றுவித்தவர்கள் கடையநல்லூரார். அந்த நகரம் 2010இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் நடைபாதையில் மிதிவண்டி ஓட்ட இசைந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த இசைவை நாடெங்கும் விரித்தது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் மின் ஸ்கூட்டர் மோதி 65 வயதுப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். நவம்பர் 5 முதல் மின் ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டன. மிதிவண்டிக்கான இசைவு வேக வரம்போடு நீடித்தது. தீங்கின்மையே இசைவுக்கு நிபந்தனை என்ற ஹிதாயாவின் விதியை அந்நகரம் தன் பட்டறிவால் கண்டடைந்தது எனலாம்.

தமிழகத்தில் மிதிவண்டி எளியோரின் ஊர்தி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்கு மிதிவண்டி கற்பித்தது. அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் மாணவர் அனைவருக்கும் விரிந்தது. வண்டி கொடுத்தோம், வழி கொடுத்தோமா? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று கூறிற்று. நடப்பவர் உரிமை உறுதியாயிற்று. மிதிவண்டிக்காரரின் நிலை?

இங்கே ஃபிக்ஹின் பொது விதிகள் இரண்டு நமக்குக் கைகொடுக்கின்றன. முதலாவது, ஒரு தீங்கை அதையொத்த மற்றொரு தீங்கால் நீக்கலாகாது. காருக்கு அஞ்சுபவர் அந்த அச்சத்தை நடப்பவர்மீது இறக்கிவைத்தல் தகாது. இரண்டாவது, நிர்ப்பந்தம் பிறர் உரிமையை அழிக்காது. உயிருக்கு அஞ்சி ஒருவர் நடைபாதைக்கு ஏறினால் அவரைப் பாவி என்று நாம் சொல்லோம். ஆனால் அங்கே அவர் விருந்தாளி, நடப்பவரே வீட்டுக்காரர். இறங்கி உருட்டிச் செல்வது சிறப்பு. இயலாவிடில் நடைவேகத்தில் செல்வதும், மணியடித்து விரட்டாதிருப்பதும் கடமை. மோதிவிட்டால் பொறுப்பு அவருடையதே. சிறுவர்க்கும் முதியோர்க்கும் இதில் சலுகை காட்டுவது அறிவுடைமை. நிலையான தீர்வோ சாலையிலேயே மிதிவண்டிக்கெனத் தனித்தடம் ஒதுக்குவதுதான். அது ஆட்சியாளர் மீதுள்ள பொறுப்பு. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிய தென்காசிக்கு அது எட்டாத காரியமன்று.

ஆட்சியாளரைச் சொல்லும்போது நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் தெருக்களில் நிகழும் தீமைகளைப் பட்டியலிடும்போது, ஏறி இறங்கத் தேவைப்படும் நேரத்திற்கு மேல் விலங்குகளை வழியில் கட்டிவைத்து இடத்தை நெருக்குவதையும் சேர்க்கிறார்கள். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல்களின் முன் சென்று பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையை அடைத்து நிற்கின்றன. கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய், அவர் எச்சமயத்தவராயினும், பேருந்து வரும் சாலையில் இறங்கி நடக்கிறார். உள்ளே நாம் ஸஃப்புகளில் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறோம். வெளியே நாம் விட்டுவந்த வண்டி ஒருவரின் வழியைப் பறித்துக்கொண்டு நிற்கிறது. பாதையிலிருந்து இடரை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று கற்பிக்கும் நாம், அவ்விடரை நம் கையாலேயே அங்கே வைத்துவிட்டு உள்ளே நுழைகிறோம். மிதிவண்டி எங்கே செல்லவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லுமுன் நம் வண்டியை அப்புறப்படுத்துவோம். வழிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அங்கிருந்தே தொடங்குகிறது.