தாரா நதியும் தகர்ந்த வளைவும்

ஒரு நதியின் வரலாறு அதன் கரையில் வாழ்ந்த மாந்தர் செய்த முடிவுகளின் வரலாறும் ஆகும். பால்கன் நாடுகளுள் ஒன்றான மாண்டினீக்ரோவில் ஓடும் தாரா நதி இதற்குச் சான்று.

கோமோவி மலைப்பகுதியில் இரண்டு ஓடைகள் கூடிப் பிறக்கும் தாரா, போஸ்னிய எல்லையில் பீவா நதியோடு கலந்து திரீனா என்னும் பெயர் பெறுகிறது. சுண்ணாம்புப் பாறைகளை அறுத்து அது உண்டாக்கிய பள்ளத்தாக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும், மிக ஆழ்ந்த இடத்தில் 1,300 மீட்டர் ஆழமும் உடையது. அதன் சரிவுகளில் 400 ஆண்டுகள் கண்ட கரும்பைன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. இப்பள்ளத்தாக்கை உள்ளடக்கிய துர்மிதோர் தேசியப் பூங்காவை யுனெஸ்கோ 1980-இல் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

1937 முதல் 1940 வரை இதன் குறுக்கே ஐந்து வளைவுகளுடன் 365 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் பாலம் ஒன்று எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் படை அந்நாட்டை ஆக்கிரமித்தது. படையின் வழியை அடைக்க, 1942-இல் எதிர்ப்புப் போராளிகள் பாலத்தைத் தகர்த்தனர். அதைக் கட்டிய பொறியாளர்களுள் ஒருவரான லாசார் யாவுகோவிச் அவர்களுக்குத் துணைநின்றார். ஒரு வளைவு மட்டுமே வீழ்ந்தது, ஏனையவை நிலைத்தன. பிடிபட்ட அப்பொறியாளர் அதே பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1946-இல் பாலம் சீரமைக்கப்பட்டது.

1991-இல் மாண்டினீக்ரோ நாடாளுமன்றம், பள்ளத்தாக்கை அடுத்துள்ள ஜாப்லியாக் நகரில் கூடி, தன்னைச் 'சூழலியல் அரசு' என அறிவித்தது. எனினும் 2004-இல், திரீனாவில் புக் பியேலா என்னுமிடத்தில் அணை கட்டும் திட்டம் எழுந்தது. அணைநீர் பின்னேறித் தாராவின் கீழ்ப்பகுதியை மூழ்கடிக்கும் என்றறிந்த குடிமக்கள் திரண்டு கையொப்பம் இட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தாராவைக் காக்கும் பிரகடனத்தை நிறைவேற்றியது, திட்டம் கைவிடப்பட்டது.

ஆயினும் அச்சம் முற்றிலும் நீங்கவில்லை. மேல்தாராவை ஒட்டி நடந்த நெடுஞ்சாலைப் பணி ஆற்றுப்படுகையைக் குலைத்ததென்று சூழல் ஆர்வலர்கள் முறையிட்டனர். 2021-இல் புக் பியேலாவில் மீண்டும் ஓர் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

யாவுகோவிச் தம் கையால் கட்டியதையே இழக்கத் துணிந்தார். வீழ்ந்த வளைவை நான்கே ஆண்டுகளில் மனிதர் மீண்டும் எழுப்பினர். ஆனால் நீருள் மூழ்கும் பள்ளத்தாக்கைத் திரும்ப எழுப்பவல்ல பொறியாளர் எவருமில்லை. எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்று பிரித்தறிவதே ஒரு சமுதாயத்தின் ஞானம் அன்றோ?