பக்கத்து ஊர் வழக்கும் நீதியரசர் சந்துருவும்



"மலருக்கு ஏதாவது எழுதுப்பா" என்று செயலாளர் கேட்டதும் கேன்டீன் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் போய்விட்டது. காரணம், என் மகள் கேட்ட ஒரு கேள்வி.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' படம் பார்த்துக்கொண்டிருந்தோம். "அப்பா, இது உங்க நெய்வேலிப் பக்கம் நடந்ததாமே! உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

நடந்தது இதுதான். 1993 மார்ச். அப்போது நம் பகுதி தென்னாற்காடு மாவட்டம். முதனை கிராமத்தில் ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத்துத் தொழிலாளி. (படத்தில் இருளர் என்று மாற்றியிருந்தார்கள்.) நகைத் திருட்டுச் சந்தேகத்தில் அவரைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு "தப்பி ஓடிட்டான்" என்றார்கள். மனைவி பார்வதி நம்பவில்லை. உள்ளூர் மார்க்சிஸ்ட் தோழர்கள் துணையோடு சென்னைக்குப் போனார். அங்கே வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ஆளைக் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்து என்று அரசையே கேட்கிற மனு அது. விசாரணையில் உண்மை வெளிவந்தது. ராஜாக்கண்ணு தப்பவில்லை, காவலில் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். மீன்சுருட்டிப் பக்கம் கிடந்த அநாதைப் பிணம் அவருடையதுதான். பல வருஷம் இழுத்தாலும் போலீஸ்காரர்கள் தண்டனை பெற்றார்கள்.

இந்தச் சந்துரு யார்? 1951இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். கல்லூரி நாளிலேயே மாணவர் போராட்டக்காரர். நமக்குப் பக்கத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1971இல் மாணவர் உதயகுமார் இறந்தார் அல்லவா? அந்த விசாரணைக் கமிஷனில் மாணவர் தரப்புக்காக நின்றவர் இவர். சட்டம் படிக்கும் எண்ணம் வலுத்தது அங்கேதான். 1976இல் வழக்கறிஞரானார். மனித உரிமை வழக்குகளுக்கு ஃபீஸ் வாங்குவதில்லை என்பது அவர் கொள்கை.

2006 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். "மை லார்டு என்று கூப்பிடாதீர்கள்" என்றார். முன்னே செங்கோல் பிடித்து நடக்கும் டவாலியை வேண்டாமென்றார். பூசாரியின் மகள், பெண் என்பதாலேயே கோயிலில் பூசை செய்யத் தடையில்லை என்று 2008இல் தீர்ப்பளித்தார். ஏறக்குறைய ஏழு வருஷத்தில் அவர் முடித்துவைத்த வழக்குகள் சுமார் 96,000. அடேயப்பா! 2013 மார்ச் 8இல் ஓய்வு. பிரிவுபசார விழா வேண்டாமென்று சொத்துக் கணக்கைக் கொடுத்துவிட்டு, மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். 'நானும் நீதிபதி ஆனேன்' என்று தன் வரலாறும் எழுதியிருக்கிறார்.

இப்போது என் மகளின் கேள்விக்கு வருகிறேன். அந்த மார்ச்சில் நாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். டவுன்ஷிப்பில் ராத்திரியெல்லாம் விளக்கு எரிந்தது. மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் ஒரு பெண், புருஷனைத் தேடி அலைந்தது நமக்குத் தெரியவில்லை. படிப்பில்லாத அவருக்குச் சென்னைக் கோர்ட்டு வரை வழி தெரிந்தது. படித்த நமக்கு ஆர்ச் கேட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

நண்பர்களே, இந்தச் சந்திப்பில் பழைய கதை பேசுவோம், சிரிப்போம். கூடவே நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுவோம்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்