ஓட்டுப் போட்ட மறுநாள்

தென்காசி: ஒரு தொகுதியின் கதை - அத்தியாயம் 9

அருணாசலத்தின் கோட்டை சரிந்த கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 1977-ல் தொடங்கி 1996 வரை ஆறு தேர்தல்களில் தொடர்ந்து அவரையே டெல்லிக்கு அனுப்பிய தென்காசி, 1998-ல் அ.தி.மு.க.வின் முருகேசன் பக்கம் போனது. அந்தத் திருப்பத்துக்குள் நுழையும் முன் சங்கரன்கோவில் நகரத்து வாக்காளரை இரண்டு பத்தியில் அறிமுகப்படுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, 2012 மார்ச் மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதைச் சொல்லாமல் இந்த ஊர் வாக்காளரைப் பற்றி எது சொன்னாலும் பாதிதான்.

முதலில் ஊர். சங்கரநாராயணர் கோயிலையும், கோமதி அம்மனையும், ஆடித்தபசுக்குத் தெற்கு ரத வீதியில் கூடும் கூட்டத்தையும் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். அந்த ரத வீதிகளை விட்டு விலகிச் சந்துகளுக்குள் நடந்தால் வேறொரு சங்கரன்கோவில் காதில் விழும். சடசடவென்று ஓடும் விசைத்தறி. வீட்டின் முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்பு. தார் சுற்றுவது ஒருவர், தறி ஓட்டுவது இன்னொருவர் என்று வீடே வேலையில் இருக்கும். பாவும் நூலும் கொடுப்பவர் வேறு, நெய்பவர் வேறு. நெய்து கொடுத்த சேலைக்கும் துண்டுக்கும் எண்ணிக் கணக்குப் பார்த்துக் கூலி. தறி ஓடினால் காசு. நின்றால் அன்றைக்கு இல்லை.

தென்காசி நாடாளுமன்றத் தொகுதியைச் சென்னை, கோவை மாதிரி நகரத் தொகுதி என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ராஜபாளையத்து மில் தொழிலாளி, புளியங்குடி எலுமிச்சைச் சந்தையின் கமிஷன் கடைக்காரர், கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வருபவர், சங்கரன்கோவில் தறிக்காரர் என்று சிறு நகரங்களின் ஓட்டு இதற்குள் கோத்துக் கிடக்கிறது. வயல்காட்டு ஓட்டை மட்டும் கணக்கிட்டுக்கொண்டு இங்கே வந்த கட்சிகள் பலமுறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன.

இதற்கு 1996-ஐவிட நல்ல சாட்சி இல்லை. அ.தி.மு.க. 168 இடங்களில் நின்று நான்கே இடங்களில் வென்ற தேர்தல் அது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அந்த நான்கில் ஒன்று சங்கரன்கோவில். வென்றவர் கருப்பசாமி; வித்தியாசம் சில நூறு ஓட்டுகள். அதே தேர்தல் நேரத்தில் நாடாளுமன்றத்துக்குத் தென்காசியிலிருந்து போனவர், மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் நின்ற அருணாசலம். மேலே ஒரு கட்சி, கீழே அதற்கு நேர் எதிர்க் கட்சி. தமிழ்நாடு முழுக்க ஒரே திசையில் அடித்த காற்றில் சங்கரன்கோவில் தன் வாசல் கதவை மட்டும் சாத்திக்கொண்டது. இதைத் தற்செயல் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே கருப்பசாமியை 2001, 2006, 2011 என்று இன்னும் மூன்று முறை இந்த ஊர் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2006-ல் ஆட்சி கைமாறியபோதும் அவர் இடம் மாறவில்லை. கட்சி பார்த்தார்கள், சின்னம் பார்த்தார்கள், எல்லாம் சரி. ஆளையும் பார்த்தார்கள் என்பது என் முடிவு.

2011 மே மாதம் அமைச்சரான கருப்பசாமி, அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். இடைத்தேர்தல் வந்தது.

அப்போது தமிழ்நாடு எப்படி இருந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பரில் பஸ் கட்டணமும் பால் விலையும் ஒரே நாளில் ஏறியிருந்தன. சென்னையைத் தாண்டினால் நாளுக்கு எட்டு மணி நேரம், அதற்கும் மேல் மின்வெட்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தது. தறிக்காரர் கரன்ட் வரும் நேரத்தைக் காத்திருந்து, அது நடுராத்திரியானாலும் எழுந்து தறியைப் போட்டார். மின்வெட்டைப் பற்றி நகரத்துப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் மின்விசிறியும் புழுக்கமும். சங்கரன்கோவிலில் மின்வெட்டு என்பது சம்பள வெட்டு.

இந்த நேரத்தில்தான் 2012 பிப்ரவரி 1-ம் தேதி சட்டமன்றத்தில் அந்த மோதல். கட்டண உயர்வைப் பற்றிய பேச்சு முற்றி, எதிர்க்கட்சித் தலைவர் விஜயகாந்த் ஆளுங்கட்சி வரிசையைப் பார்த்து நாக்கைத் துருத்திக் கைநீட்டிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. ஒன்பது மாதத்துக்கு முன் ஒரே கூட்டணி. இப்போது நேருக்கு நேர். தே.மு.தி.க.வோடு கூட்டணி வைத்ததற்கு வருத்தப்படுவதாக முதல்வர் ஜெயலலிதா சொன்னார். சங்கரன்கோவிலில் தனித்து நின்று பார்க்கத் துணிவு உண்டா என்று சவாலும் விட்டார். விஜயகாந்த் பத்து நாள் சஸ்பெண்ட் ஆனார். சவாலை ஏற்று வேட்பாளரையும் நிறுத்தினார்.

சென்னையில், கோட்டைக்குள் இரண்டு தலைவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும் களமாக ஒரு தறிக்காரர் ஊர் அறிவிக்கப்பட்டது. அந்த ஊரில் தறி ஏன் நிற்கிறது என்ற கேள்வி சவாலிலும் இல்லை, பதிலிலும் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத இடம் இது.

நான்கு முனைப் போட்டி. அ.தி.மு.க. சார்பில் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவியாக இருந்த முத்துச்செல்வி. தி.மு.க.வுக்கு ஜவஹர் சூரியகுமார். தே.மு.தி.க.வுக்கு முத்துக்குமார். ம.தி.மு.க.வுக்கு சதன் திருமலைக்குமார்.

ம.தி.மு.க.வின் வைகோவுக்கு இது சொந்த மண். அவருடைய கலிங்கப்பட்டி பக்கத்தில்தான். 2011 பொதுத்தேர்தலில் கூட்டணிப் பேச்சு முறிந்து, தேர்தலையே புறக்கணித்துவிட்டு ஒதுங்கி நின்ற கட்சி, அதன் பிறகான சட்டமன்றக் களமாக இதைத் தேர்ந்தெடுத்தது. கூடங்குளம் அணு உலையை நெடுங்காலமாக எதிர்த்து வந்தவர் அவர். இந்தத் தேர்தலில் களத்தில் நின்றவர்களில் ஊர்க்காரராக, வாசல் வாசலாகப் பேரும் முறையும் சொல்லி ஓட்டுக் கேட்கக்கூடிய தலைவர் அவர் ஒருவர்தான். அவர் அரசியலில் எத்தனையோ தவறான திருப்பங்கள் எடுத்திருக்கலாம். இந்தத் தேர்தலில் அவர் நின்ற விதத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

எதிரில் நின்றது ஒரு அரசாங்கம். அமைச்சர்களும் மூத்த நிர்வாகிகளும் வட்டம் வட்டமாகப் பிரித்துக்கொண்டு தொகுதிக்குள் இறங்கினார்கள். லாட்ஜுகளில் இடம் இல்லை. ஆடித்தபசுக்கு மட்டுமே நெரியும் ரத வீதிகளில் மாசியிலேயே வண்டிகள் நெரிந்தன. இடைத்தேர்தல் என்றால் பணம் என்ற திருமங்கலத்துப் பாடத்தை 2009-ல் எழுதியது தி.மு.க. அதனால் 2012-ல் புகார் சொல்ல அந்தக் கட்சிக்கு வாய் எழவில்லை. இரண்டு கட்சிகளும் சேர்ந்து தமிழ்நாட்டு இடைத்தேர்தலை எங்கே கொண்டுவந்து நிறுத்தின என்பதற்கு அந்த மூன்று வருடங்கள் போதும்.

கூடங்குளம் அப்போது எந்த நிலையில் இருந்தது? 2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை கூடி, மக்களின் அச்சம் தீரும்வரை உலை வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தது. இடிந்தகரையில் உலையை எதிர்த்துப் பந்தலுக்குள் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தீர்மானம் அப்படியே கிடந்தது. சங்கரன்கோவிலுக்கும் கூடங்குளத்துக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அன்றைக்கு இரண்டும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். தென்காசி மாவட்டம் பிறக்க 2019 நவம்பர் வரை ஆயிற்று. ஆக ஒரே மாவட்டத்தின் வடக்கு மூலையில் கரன்ட் கேட்டுக் கிடந்த ஊர், தெற்கு மூலையில் கரன்ட் உற்பத்தி வேண்டாம் என்று கிடந்த ஊர். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேச வேண்டிய தேர்தல் அது. உலையைத் திறந்தால் உங்கள் தறி ஓடும், திறக்கலாமா என்று தறிக்காரரிடம் ஆளுங்கட்சி நேராகக் கேட்டிருக்கலாம். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருப்பார்.

மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு.

மார்ச் 19, திங்கட்கிழமை அமைச்சரவை கூடியது. கூடங்குளம் உலையைத் திறக்க ஒப்புதல். சுற்றுவட்டாரத்துக்கு 500 கோடி ரூபாய் சிறப்புத் திட்டம். ராதாபுரம் வட்டாரத்தில் போலீஸ் குவிப்பு, தடை உத்தரவு, கைதுகள்.

விரல் மை அழியவில்லை.

மார்ச் 21-ல் எண்ணினார்கள். முத்துச்செல்விக்கு ஏறக்குறைய 95,000 ஓட்டு. அடுத்து வந்த தி.மு.க.வுக்குச் சுமார் 26,000. ம.தி.மு.க.வுக்கு 20,000-க்குச் சற்று மேல். தே.மு.தி.க.வுக்குச் சுமார் 12,000. ஜெயித்தவரைத் தவிர அத்தனை பேருக்கும் டெபாசிட் போயிற்று. பத்து மாதத்துக்கு முன் கருப்பசாமி சுமார் 10,000 வித்தியாசத்தில் ஜெயித்த அதே தொகுதியில் இப்போது வித்தியாசம் 68,000-ஐத் தாண்டியது. மார்ச் 30-ல் மின்கட்டண உயர்வு உத்தரவு வந்தது. ஏப்ரல் 1 முதல் அமல்.

இந்த 68,000-ஐ எப்படிப் படிப்பது? பணம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் தறிக்காரரை அறியாதவர்கள். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால் ஆகிற காரியம் ஆகும் என்று ஊர் கணக்குப் போட்டது. இன்னும் நாலு வருடம் இந்த ஆட்சிதான். கரன்ட்டைக் கேட்க வேண்டியதும் அவர்களிடம்தான். எதிர்க்கட்சிக்காரரை அனுப்பிவிட்டு யாரிடம் போய் நிற்பது? விஜயகாந்த்கூட இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி ஜெயிப்பது வழக்கம்தானே என்றார். வாக்காளர் போட்ட கணக்கில் தப்பு இல்லை. அந்தக் கணக்குக்குள் வர வேண்டிய ஒரு எண்ணை ஒரே ஒரு நாள் மறைத்துவைத்தார்கள். தப்பு அங்கே. உலையை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: முடிவு சரியா, தவறா என்பது வேறு விவாதம். வெள்ளிக்கிழமை சொல்லியிருக்க வேண்டியதைத் திங்கட்கிழமை சொன்னது ஓட்டுப் போட்டவரை அவமதித்த செயல்.

அதன் பிறகும் ஊர் சட்டென்று கோபித்துக்கொள்ளவில்லை. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் தென்காசி அ.தி.மு.க.வின் வசந்தி முருகேசனை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் அனுப்பியது. அப்போது எதிரே நின்று தோற்றவர் டாக்டர் கிருஷ்ணசாமி. 1998 முதல் 2024 வரை இதே தென்காசியில் ஏழு முறை நின்றவர், ஒருமுறையும் வென்றதில்லை. பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியில் அந்த மக்களின் ஓட்டு மட்டும் போதாது என்ற 1932 பூனா ஒப்பந்தத்தின் கணக்கைத் தமிழ்நாட்டில் அவர் அளவுக்கு உடம்பில் வாங்கியவர் இல்லை. அவருக்கு முழுதாக ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறேன். 2016-லும் சங்கரன்கோவில் அ.தி.மு.க.தான், ராஜலட்சுமி வென்று, பிறகு அமைச்சரானார். 2021-ல் அதே ராஜலட்சுமியைச் சுமார் 5,000 ஓட்டில் தி.மு.க.வின் ராஜா வென்றார். 1996-ன் பேரலையிலும் சாயாத ஊர், கால் நூற்றாண்டு கழித்து ஓசையில்லாமல் பக்கம் மாறியது. நாடாளுமன்றத்துக்கும் 2019-ல் தனுஷ்குமார், 2024-ல் ராணி ஸ்ரீகுமார் என்று இரண்டு முறை தி.மு.க.

கூடங்குளத்தின் முதல் உலை தொடர் வினையைத் தொட்டது 2013 ஜூலையில். வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசி நாளில். ஆக, 2012 மார்ச் 19-ல் எடுத்த முடிவிலிருந்து ஒரு யூனிட்கூட அந்த வருடத்துத் தறிக்கு வந்து சேரவில்லை.

1998-ம் அருணாசலமும் அடுத்த இதழில் நிச்சயம். அதற்குள் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2012 பிப்ரவரி, மார்ச்சில் சங்கரன்கோவிலில் தறி ஓட்டியவர்கள், தார் சுற்றியவர்கள், பாவு கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்தால் ஒரு தபால் அட்டை போடுங்கள். பிரசாரம் நடந்த அந்த நாட்களில் உங்கள் தெருவில் கரன்ட் எத்தனை மணி நேரம் இருந்தது, ஓட்டு முடிந்த வாரத்தில் எத்தனை மணி நேரம் இருந்தது, கூலி எவ்வளவு கையில் வந்தது என்று எழுதுங்கள். பழைய கூலி நோட்டு வீட்டில் இருந்தால் அதைப் பார்த்தே எழுதுங்கள்.