பெங்களூரு நகர விரிவாக்கமும் தென்பெண்ணையில் பாஸ்பரஸ் மாசும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெங்களூருவின் பெள்ளந்தூர் ஏரியில் 2015 மே மாதம் நுரை தீப்பற்றி எரிந்தது. 2017 பிப்ரவரியில் ஏரிப்பரப்பில் மீண்டும் தீ மூண்டதைத் தொடர்ந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. நுரையும் தீயும் கண்ணுக்குப் புலப்பட்டவை. புலப்படாமல் பல்லாண்டுகளாகச் சேர்ந்துவந்தது பாஸ்பரஸ். அச்சேர்க்கைக்கு நகரின் குடிநீர் வரலாறே அடிப்படை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

படுகை மாறிய நீர்

காவிரிப் படுகைக்கும் தென்பெண்ணைப் படுகைக்கும் இடைப்பட்ட மேட்டில் பெங்களூரு அமைந்துள்ளது. வற்றாத ஆறில்லாத இந்நிலத்தில் மழைநீரைத் தேக்குவதற்கென ஏரிகள் தொடராக அமைக்கப்பட்டன. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்தது பெருகும். நகரம் வளர்ந்தபோது அர்க்காவதி ஆற்றின் நீர் போதவில்லை. 1974இல் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து காவிரி நீர் மேடேற்றிக் கொண்டுவரப்பட்டது. 1951இல் 8 லட்சத்தை எட்டாதிருந்த மக்கள்தொகை 2011இல் சுமார் 85 லட்சமாயிற்று.

வந்த நீரின் அளவுக்கேற்பக் கழிவுநீர்க் கட்டமைப்பு வளரவில்லை. கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி எனப்படும் தென்பெண்ணையை அடைந்தது. காவிரியில் எடுக்கப்பட்ட நீர், கழிவாகி வேறொரு படுகைக்குச் சென்றது.

பாஸ்பரஸின் தேக்கம்

மனிதக் கழிவும் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளும் வீட்டுக் கழிவுநீரில் பாஸ்பரஸைச் சேர்க்கின்றன. வழக்கமான இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு, அழுகும் கரிமப்பொருளை நீக்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. பாஸ்பரஸின் பெரும்பகுதி அதனைக் கடந்து சென்றுவிடும். எனவே சுத்திகரிக்கப்பட்ட நீரும் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரமாகிறது. நுரைக்கு நேரடிக் காரணம் சலவைப்பொருளின் வேறு வேதிக்கூறுகளே. ஆயினும் ஏரியை மூடிய களையை வளர்த்தது இவ்வூட்டமே. களை மடிந்து அடியில் படிய, பாஸ்பரஸ் வண்டலில் தங்குகிறது. ஆக்சிஜன் குன்றும்போது அது மீண்டும் நீரில் கரைகிறது. ஆதலால் வரத்தை இன்று நிறுத்தினாலும் நேற்றைய கழிவு ஏரியை விட்டு உடனே நீங்குவதில்லை.

எல்லை கடந்த சுமை

இந்நீர் கர்நாடக எல்லையைக் கடந்ததும் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. மழைக்காலங்களில் அணையிலிருந்து வெளியேறும் நீர் நுரை பொங்க ஓடுவதுண்டு. நகரின் வளர்ச்சியில் பங்கில்லாத உழவர்கள் அதன் கழிவைப் பாசனநீராகப் பெறுகின்றனர்.

முடிவுரை

2017 அக்டோபரில் நடுவண் அரசு வெளியிட்ட சுத்திகரிப்பு நிலையங்களுக்கான அளவீடுகளில் பாஸ்பரஸுக்கு வரம்பு இடம்பெறவில்லை. ஏரி, குளங்களில் விடப்படும் நீருக்கு அவ்வரம்பு தேவை என்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் வலியுறுத்தியது. அளக்கப்படாத மாசு ஆவணங்களில் பதிவாவதில்லை. பதிவாகாததற்கு எவரும் பொறுப்பேற்பதுமில்லை. நகருக்கு நீர் வந்த வரலாற்றோடு, அந்நீர் வெளியேறிய வரலாறும் சேர்த்து எழுதப்படும்போதே தென்பெண்ணையின் கீழ்ப்பகுதி மக்களுடைய கோரிக்கையின் நியாயம் முழுமையாகப் புலப்படும்.