உறுதிபூசுதல்: ஒரு சடங்கும் ஒரு சொல்லும்

கத்தோலிக்கத் தமிழர் வழங்கும் சமயச் சொற்களுள் ‘உறுதிபூசுதல்’ என்பது தனித்து நோக்கத்தக்கது. இச்சடங்குக்கு இலத்தீன் மொழியில் உள்ள பெயர் ‘உறுதிப்படுத்துதல்’ என்னும் பொருளது. கீழைத் திருச்சபைகளோ பூசப்படும் நறுமணத் தைலத்தைக் கொண்டே இதற்குப் பெயரிட்டன. தமிழில் பெயர் வைத்தவர் யாராயினும், மேற்கின் கருத்தையும் கிழக்கின் செயலையும் ஒரே தொடரில் இணைத்துவிட்டார். உறுதி மனத்துக்குரியது, பூசுதல் சந்தனத்துக்கும் எண்ணெய்க்கும் உரிய வினை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது நம் செவிக்கு எவ்வித முரணும் தோன்றுவதில்லை.

இலங்கைத் தமிழில் ‘உறுதி’க்கு மற்றொரு பொருளும் உண்டு. காணி உடையவன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பத்திரத்தை நாம் ‘உறுதி’ என்கிறோம். டயகமவிலும் அதன் அயலிலுள்ள அக்கரபத்தனைத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்களுள் பெரும்பாலானவற்றிடம் அந்த உறுதி இருந்ததில்லை. நெற்றியிலே உறுதி பூசப்பட்டவனுக்குக் கையிலே உறுதி இல்லை. சொல்லின் இந்த விளையாட்டைக் கண்டு சிரிப்பதற்கில்லை. இச்சடங்கு எவ்வாறு தோன்றியது, மலையகத்தை அடைந்தபோது என்ன பொருள் பெற்றது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

அப்போஸ்தலர் பணி நூலில் இதன் வித்து கிடக்கிறது. சமாரியர் சிலர் திருமுழுக்குப் பெற்றனர். எனினும் தூய ஆவியைப் பெறவில்லை. எருசலேமிலிருந்து இராயப்பரும் அருளப்பரும் வந்து அவர்கள்மீது கைகளை வைத்தனர். எபேசு நகரில் சின்னப்பரும் அவ்வாறே செய்தார். (பேதுரு, யோவான், பவுல் என்போரைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் இவ்வாறே அழைத்தது. பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிட்ட இராயப்பனும் சின்னப்பனும் இப்பெயர்களின் வாரிசுகளே.) ஆயினும் ஆதித் திருச்சபையில் இது தனிச் சடங்காக இருக்கவில்லை. நீரில் மூழ்கி எழுதல், எண்ணெய் பூசப்பெறுதல், ஆயரின் கை தலைமீது படுதல், அப்பமும் இரசமும் உண்ணுதல் ஆகிய யாவும் ஒரே இரவின் ஒரே நிகழ்ச்சி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் எழுதியவற்றிலும், இப்போலித்து பெயரால் வழங்கும் நூலிலும் இந்த ஒருமையைக் காண்கிறோம்.

பின்னர் இவை ஏன் பிரிந்தன? கோட்பாடு பின்னால் வந்தது. முன்னால் வந்தது தூரம். நான்காம் நூற்றாண்டில் மக்கள் பெருந்தொகையாகத் திருச்சபையிற் சேர்ந்தனர். ஆயர் நகரத்தில் இருந்தார். திருமுழுக்கு நாட்டுப்புறமெங்கும் நடந்தது. எல்லா இடத்துக்கும் ஒருவர் எவ்வாறு செல்வது? கிழக்கு ஒரு வழி கண்டது: ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருவானவரே பூசலாம் என்றது. மேற்கு வேறு வழியை மேற்கொண்டது. நெற்றியில் தைலம் இடும் உரிமை ஆயருக்கே உரியது என 416ஆம் ஆண்டில் பாப்பரசர் முதலாம் இன்னொசென்ற், குப்பியோ நகர ஆயருக்கு எழுதினார். கிழக்கு எண்ணெயை அனுப்பியது. மேற்கு மக்களைக் காத்திருக்கச் செய்தது. திருமுழுக்குக்கும் உறுதிபூசுதலுக்கும் இடையே பல ஆண்டுகள் புகுந்தது இவ்வாறுதான்.

இடைவெளி உண்டானபின் அதற்கு விளக்கம் தேவைப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் காலியா நாட்டு ரியே நகரத்து ஆயர் பவுஸ்துவின் பெயரால் வழங்கும் மறையுரை ஒன்று அதனைத் தந்தது: திருமுழுக்கு வாழ்வதற்கு, உறுதிபூசுதல் போரிடுவதற்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் புனையப்பட்ட போலி ஆணைத் தொகுதியொன்று, இவ்விளக்கத்தை ஒரு பாப்பரசரின் வாக்காகவே ஆக்கிவிட்டது. அதன்பின் யார் மறுப்பார்? ‘கிறிஸ்துவின் போர்வீரன்’ என்ற உருவகம் மறைக்கல்வி நூல்களில் வேரூன்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாந்து நகரத்து ஆயர் துராந்து தொகுத்த சடங்கு நூல், தைலம் பூசியபின் ஆயர் கன்னத்தில் இலேசாக அறையவேண்டும் என விதித்தது. மேனாட்டு நிலப்பிரபுக்கள் இளைஞனுக்கு வீரப்பட்டம் கட்டும்போது தட்டும் அடியின் நிழல் இதில் விழுந்துள்ளது என்று கருதுவோர் உளர். 1547இல் திரெந்துச் சங்கம், இதை ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றென மீளவும் வலியுறுத்தியது.

அந்த அறை நம் நாடுகளில் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதற்கு அரியதொரு சான்று உண்டு. 1599இல் கோவாப் பேராயர் மெனேசிஸ் மலபார்க் கரையில் பயணஞ்செய்து, தோமையார் கிறிஸ்தவரை உரோமைப் பணிவுக்குள் கொணர முயன்றார். தனிச் சடங்கான உறுதிபூசுதலை அவர்கள் அறியார். பேராயர் அதனைப் பற்றிப் பிரசங்கித்தபோது, ஆயுதம் தாங்கி வந்திருந்த சபையார் கொதித்தெழுந்தனர். நெற்றியில் குறியிடுவதும் கன்னத்தில் அறைவதும் போர்த்துக்கேயர் தங்களை அடிமைகளாக்கச் செய்த சூழ்ச்சியே என்பது அவர்கள் வாதம். தங்கள் தாடியையும் தங்கள் பெண்டிரின் முகத்தையும் அந்நியன் தொட விடோம் என்றனர். அவர்களுடைய இறையியல் பிழையாக இருக்கலாம். அரசியல் பிழையன்று என்பது நம் துணிபு. மரக்கலத்தில் வந்தவன் நெற்றியில் குறியிட்டால் அதை எவ்வாறு வாசிப்பதென அவர்கள் அறிந்திருந்தனர்.

தமிழ்க் கரையில் நிலைமை வேறு. 1535ஐ அடுத்த ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரமாயிரமாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் வந்த சவேரியார் குருவானவரே, ஆயர் அல்லர். முழுக்குக் கரையெங்கும் பரவியது. ஆயரோ கோவாவில் இருந்தார். இலங்கையில் இக்காத்திருப்பு இன்னும் நீண்டது. 1658க்குப் பின் ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தனர். 1687இல் மாறுவேடத்தில் வந்து 1711இல் கண்டியில் மறைந்த யோசேவ் வாஸ் அடிகளாரும் அவர்வழி வந்த கோவாக் குருமாரும் திருச்சபையைக் காத்தனர். ஆயினும் ஆயர் ஒருவர் இங்கே தங்கியிருக்கவில்லை. 1834இல்தான் இலங்கை தனி மறைப்பணி ஆட்சிப் பிரதேசமாயிற்று. மலைநாட்டுக்குரிய கண்டி, 1883இல் கொழும்பிலிருந்து பிரிக்கப்பட்டு, 1886இல் மறைமாவட்டமாயிற்று. சில்வெஸ்திரின் துறவியான கிளெமெந்து பஞ்ஞானி அதன் முதல் மேற்றிராணியார்.

அதற்குள் கோப்பி அழிந்து, தேயிலை மலைகளைப் போர்த்தியிருந்தது. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்களுள் கத்தோலிக்கர் சிறு தொகையினர். மாரியம்மன் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி அந்தோனியாரையோ ஆரோக்கிய மாதாவையோ வைத்து வணங்கினர். தோட்ட நிலத்தில் சிற்றாலயம் எழும்பவும் துரையின் இசைவு வேண்டும். ஆகவே அக்காலத் திருச்சபை துரைமாரை நோக்கிக் குரல் உயர்த்தியதைவிடத் தொழிலாளரை நோக்கிப் பணிவு போதித்ததே மிகுதி என்றால் அது அவதூறாகாது. ‘போர்வீரன்’ என்று நெற்றியில் குறிபெற்றவனுக்குப் போரிடக் கற்பிக்கப்படவில்லை.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஆயர் தம் மறைமாவட்டம் முழுவதையும் ஐந்தாண்டுக்குள் ஒருமுறையேனும் சுற்றிவர வேண்டும் என்றது. ஒரு வருகையைத் தவறவிட்ட பிள்ளை அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். ஏழு வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒரே வரிசையில், ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ பின்னால் நிற்க, முழந்தாளிடுவதற்குக் காரணம் இதுவே. 1910இல் பத்தாம் பத்திநாதர் நற்கருணைக்குரிய வயதை ஏறத்தாழ ஏழாகத் தாழ்த்தியபின் பழைய வரிசையும் தலைகீழாயிற்று: முதலில் நற்கருணை, பின்னர் உறுதிபூசுதல்.

அதே பருவத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு புகுமுகச் சடங்கும் காத்திருந்தது. அதுதான் ‘பேர் பதிதல்’. செக்ரோலில் பெயர் ஏறினால் அவன் தொழிலாளி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூன்று விகிதம் வகுத்தது; பத்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. பத்து வயது நிரம்பியவனைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இருக்கவில்லை. கோவில் புத்தகத்தில் உறுதிபூசுதல் பதிவாகும் வயதும், தோட்டத்துப் புத்தகத்தில் உழைப்புப் பதிவாகும் வயதும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று, இவன் இனித் தன் விசுவாசத்துக்குத் தானே பொறுப்பு என்றது; மற்றது, இவன் இனி அரைப்பேருக்கோ முழுப்பேருக்கோ பொறுப்பு என்றது.

மூன்றாவதொரு புத்தகமும் இருந்தது. அதில் அவன் பெயர் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இம்மண்ணிற் பிறந்தது மட்டும் போதாது. மூதாதையரின் பிறப்பையும் நிறுவவேண்டும். பத்திரங்கள் எங்கிருந்து வரும்? 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்த மக்களை எவரும் எதுவும் கேட்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

இதே காலத்தில் உரோமையில் சடங்கு மாறிக்கொண்டிருந்தது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1971இல் வெளியிட்ட புதிய முறையில் கன்னத்து அறை இல்லை. இலத்தீனும் கட்டாயமில்லை. குழந்தைப் பருவத்தில் ஞானப்பெற்றோர் தன் சார்பில் கூறிய வாக்குறுதியை, இப்போது பிள்ளையே தன் தாய்மொழியில் புதுப்பிக்க வேண்டும். ஆயர் கேட்பார், அவன் தன் வாயால் விடை சொல்வான். கடனுக்குக் கங்காணி, கூலிக்குக் கணக்கப்பிள்ளை, நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் எனப் பிறரே விடை சொல்லிப் பழகிய ஒரு சமுதாயத்தில், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரியவர் தமிழில் கேள்வி கேட்டு விடைக்காகக் காத்து நிற்பது சிறிய காரியமன்று. சமய நம்பிக்கை இல்லாத நம் நண்பர்களும் இதை மறுக்கார் என எண்ணுகிறோம்.

திருச்சபைக்குள்ளும் சிலர் அந்த விடையின் முழுப்பொருளை நாடினர். கண்டி மேற்றிராணியாராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் உருவான வறிய பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றார். அதே ஆண்டில் யேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவி, தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தார். பிரசாவுரிமை இறுதியில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிட்டியது. வேலைக்குரிய குறைந்த வயது 2021இல் பதினாறாயிற்று. ஆயினும் அதே ஆண்டில்தான், தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்படுவதைப் பற்றி நாடே பேச நேர்ந்தது. காணி உறுதியோ, 2015க்குப் பின் ஏழு பேர்ச் வீட்டுத் திட்டம் தொடங்கிய பின்னரும், லயங்களில் வாழ்வோருள் மிகப் பலருக்கு எட்டவில்லை.

திருச்சபைச் சட்டத்தில் சிறியதொரு விதி உண்டு. ஒருவர் எங்கு உறுதிபூசுதல் பெற்றாலும், அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அறிவிக்கப்பட்டு, அங்குள்ள பழைய பதிவின் ஓரத்தில் குறிக்கப்படவேண்டும். ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோருள் பலர் நீலகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தனர். அங்கே உறுதி பூசப்பெற்ற பிள்ளை மலையகத்தில் திருமுழுக்குப் பெற்றிருந்தால், கடல் கடந்து ஒரு கடிதம் வரவேண்டும்; நுவரெலியா மாவட்டத்துப் பங்கொன்றின் பழைய ஏட்டில், அப்பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதப்படவேண்டும். நாட்டின் பதிவேடுகள் அடித்துவிட்ட பெயரை அந்த ஏடு அடிக்கவில்லை.