தேங்காயெண்ணெயும் முதலாண்டுத் தோலும்: வடசிலாங்கூர்த் தோட்டங்களின் குளிப்பாட்டு வழக்கம் குறித்து

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டம் செம்பனையின் தாயகமானது ஒரு முரண் என்றால், செம்பனைக்கு நடுவே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தையின் உடம்புக்குத் தேங்காயெண்ணெயையே தேடிச் சென்றது இன்னொரு முரண். இவ்வழக்கத்தை மூடப்பழக்கமென ஒதுக்குவோரும் முன்னோர் அறிவியலெனப் போற்றுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். குழந்தையின் தோல் ஆண்டு முழுதும் ஒரே நிலையில் இருப்பதாக இருசாராரும் கருதுகின்றனர்.

தோலின் காப்புத்திறன் பெரும்பாலும் அதன் உச்சியிலுள்ள கொம்புப்படலத்தைச் சார்ந்தது. இறந்து தட்டையான உயிரணுக்கள் செங்கற்களாகவும், அவற்றிடையே அடுக்கடுக்காகப் படிந்த கொழுப்பு சாந்தாகவும் அமைந்த இச்சுவர், நிறைமாதக் குழந்தைக்குப் பிறவியிலேயே எழுந்துவிட்டாலும் முற்றும் இறுகுவதில்லை. வளர்ந்தோருடையதை நோக்க அது ஏறத்தாழ 30 விழுக்காடு மெல்லியது. நீரை விரைந்து உறிஞ்சி விரைந்து இழப்பது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயற்கைப் பொருள்கள் அதில் குறைவு. பிறந்தவுடன் நடுநிலையை ஒட்டியிருக்கும் தோற்பரப்பு, முதல் சில வாரங்களில் படிப்படியாக அமிலத்தன்மை ஏறி, பிஎச் எனப்படும் அமிலகார அளவு 5.5ஐ நெருங்குகிறது. கொழுப்புச் சாந்தை உருவாக்கும் நொதிகள் இந்த அமிலத்தில்தான் செவ்வனே இயங்கும். தீய நுண்ணுயிர்களும் இதில் எளிதில் பெருகா. நீரிழப்பு நிலைபெறுவதோ ஓராண்டுக்கு மேலும் நீளும். பிறப்பில் மேனியைப் போர்த்திவரும் வெண்மெழுகு, ஐந்தில் நான்கு பங்கு நீரும் எஞ்சியது கொழுப்பும் புரதமுமாக, இவ்விடைக்காலத்துக்கு இயற்கை அளித்த மேற்பூச்சாகும். முதற்குளியலை 24 மணிநேரமேனும் தள்ளிவைக்க உலக சுகாதார நிறுவனம் கூறுவதை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி வழக்கத்தைப் பார்க்கலாம். லயத்து வீடுகளில் பீடான் என்று மலாய்ச் சொல்லாலேயே அழைக்கப்பட்ட மருத்துவச்சியோ வீட்டுப் பாட்டியோ கால்நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கணுக்கால்மீது கிடத்தி, எண்ணெய் தேய்த்து உருவி, சுடுநீர் ஊற்றி, பச்சைப்பயற்று மாவால் வழித்து, சாம்பிராணிப் புகை காட்டுவது முறை. பேறுகால ஓய்வு முடிந்து தாய் விடியலில் பால்மரம் வெட்டப் போனதும் குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் சென்றது. பிறகு விரிவான குளிப்பாட்டுக்கு நேரம் ஏது? ஆகவே மிகக் கனத்த கைவேலை, தோல் மிக நொய்ந்திருந்த முதல் வாரங்களிலேயே நிகழ்ந்தது. இதற்கு மரபு பாதிக் காரணமெனில் தோட்டத்தின் பிரட்டு எனும் விடியற்கால ஆள்கணக்கு நேரமும் பாதிக் காரணம் எனலாம்.

எண்ணெய் மட்டும் குற்றவாளியா? எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும் என்பதே விடை. ஒலீயிக் அமிலம் கொழுப்புச் சாந்தின் ஒழுங்கைக் குலைக்க வல்லது. லினோலீயிக் அமிலம் அச்சாந்தைக் கட்டுவதற்கு வேண்டியது. ஆலிவ் எண்ணெயில் முன்னது மிகுதி. செம்பனை எண்ணெயிலும் ஐந்தில் இரண்டு பங்கு அதுவே. பாதியளவு லாரிக் அமிலமான தேங்காயெண்ணெயிலோ இரண்டுமே குறைவு. சுவரை அது பெரிதாக இடிப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை என்றே இவ்வமைப்பிலிருந்து கருத வேண்டியிருக்கிறது. டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியதில் மருத்துவமனைத் தொற்று குறைந்ததை 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் 2016இல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில், நிறைமாதக் குழந்தைகள் 115 பேரிடம், ஆலிவ், சூரியகாந்தி ஆகிய இரு எண்ணெய்களுமே தோலின் ஈரத்தைக் கூட்டினும் கொழுப்படுக்கின் முதிர்ச்சியைப் பின்தங்க வைத்தன. குளிர்நாட்டு முடிவை, காற்றே ஈரம் சுமக்கும் கோல சிலாங்கூருக்கு அப்படியே பெயர்க்க இயலாது; இங்கே தோல் வறள்வதைவிட, வியர்வை தேங்கி வேர்க்குரு எழுவதும் கழுத்துமடிப்பு புண்ணாவதுமே பெருந்தொல்லை.

பயற்றமாவைப் பற்றிய ஐயம் இன்னும் வலுவானது. அதன் உராய்வு மெல்லிய படலத்தைச் சுரண்டும். சிதைந்த தோல்வழி நுழையும் உணவுப் புரதம் ஒவ்வாமைக்கு வித்திடலாம். வேர்க்கடலை எண்ணெய் கலந்த தோற்பூச்சுகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை 2003இல் கிடியன் லாக் குழுவினர் சுட்டினர். பயறும் அதே அவரைக் குடும்பத்தது.

எண்ணெய்க்கு மறைவான ஒரு பக்கமும் உண்டு. தன்னில் கரையும் பொருளைத் தோலுக்குள் அது ஏற்றிவிடும். துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டையின் நாப்தலீன் அத்தகையது. ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையைத் தரும். மலேசிய மருத்துவமனைகள் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாட்டைச் சோதிப்பது இதனாலும்தான்.

எனவே பாட்டியின் கையிலிருந்து தேங்காயெண்ணெயைப் பறிக்க வேண்டியதில்லை. முதல் மாதம் அழுத்தித் தேய்க்காத வெறுங்கை வருடலும் வெதுவெதுப்பான நீரும் போதும். உருவிக் குளிப்பாட்டும் முறை, தோல் சற்று முதிர்ந்த பின்மாதங்களுக்குத் தள்ளிப்போகலாம். பயற்றமாவு முதலாண்டு முழுவதும் அடுக்களையிலேயே இருக்கட்டும்.