சிரமதானம்
‘சிரமம்’, ‘தானம்’ என்னும் இரு வடசொற்கள் கூடிய தொகை இது. தமிழ் வழக்கில் சிரமம் என்பது துன்பம், தொந்தரவு எனப் பொருள் திரிந்து நின்றாலும், மூலத்தில் அது உடல் வருந்தப் பாடுபடுதலையே குறித்தது. ஆகவே சிரமதானமாவது உழைப்பை ஈதல். இந்தியாவில் வினோபா பாவே நடத்திய பூதானம் (நிலக்கொடை), கிராமதானம் (ஊர்க்கொடை) ஆகியவற்றுக்கு இனமான இச்சொல், கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன 1958இல் தம் மாணாக்கரை அழைத்துக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த கனதொலுவ கிராமத்துக்குச் சென்று தொண்டாற்றியது முதலாக இலங்கையில் வேரூன்றி, சிங்களத்திலும் ஈழத்துத் தமிழிலும் ஒருங்கே வழங்கலாயிற்று. கிணறு தூர்வாருவதா, பாதை வெட்டுவதா என்பதை ஊர்க்கூட்டமே நிர்ணயிக்க, வந்தவர்களும் ஊராரும் ஒரே வரிசையில் நின்று மண்கூடையைக் கைமாற்றி வேலையை முடிப்பது இதன் முறை. சேவை நாடி அந்நிய தேசத்துக்குப் பிரயாணம் செய்யும் இளைஞர், தாம் வகுத்த திட்டத்தை ஊரார்மேற் சுமத்தித் திரும்புவாராயின், அச்செயலுக்கு வேறு எப்பெயர் சூட்டினும் தகும். சிரமதானம் என்னும் பெயர் மட்டும் பொருந்தாது.